இட்டேரி

பாடை கட்ட மூங்கில் வந்து இறங்கியாயிற்று. எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

பந்தலுக்கடியில் ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கமலாம்பாள் நிமிர்ந்து பார்த்தால் பேச்சை நிறுத்தித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். அவள் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். காதை யாருக்கும் கடன் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாம் கேட்டது.

"ரோட்டு வழின்னா ரொம்பச் சுத்துங்க. வெய்யல் ஏறிருச்சு."

"அதுக்குன்னு செவத்தத் தாண்டியா குதிக்க முடியும்?"

"மொல்லப் பேசுங்க. வாத்தியாரம்மா பாக்கறாங்க."

வீரபாண்டியில் இந்த நெசவாளர் தெருவிலிருந்து மயானத்துக்குப் போக ஆதியில் ஒரே வழிதான். தெரு முடிந்ததும் நேராக இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். அதில் இறங்கினால் வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் பள்ளத்துக் கரை மயானம் வந்துவிடும். அறுபத்தாறில் அதன் குறுக்கே செங்கோட்டையன் சுவர் எழுப்பி, இரும்புக் கேட் போட்டு, உள்ளே பனியன் கம்பெனி கட்டினான். வேலியைப் பிடுங்கின இடத்தில் இப்போது தகரக் கொட்டகை. அதற்குள் பகல் முழுக்க மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து இந்தத் தெருவில் செத்தவர்கள் எல்லாரும் தார் ரோட்டில் ஊரைச் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செத்தவர்களும் சொல்லவில்லை.

சொன்னது ஒரே ஒருத்தர். அவர்தான் இப்போது கட்டை விரல்கள் கட்டப்பட்டுப் படுத்திருந்தார். தண்டாயுதபாணி வாத்தியார். ஊர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதன் சிவனே என்று வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? மனுவைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தார். 'அங்கே தடம் இருந்ததற்குச் சாட்சி உண்டா?' என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார்.

"பாத்தியா கமலா, சாட்சி கேக்கறான். ஊரு பூரா என்ற பசங்கதான். அத்தன பேரும் அந்தத் தடத்துல என்ற பின்னால நடந்தவங்க."

அத்தனை பையன்களும் சாட்சிக்கு வரவில்லை. ஒருத்தனுக்கு நூல் கடையில் ஆள் இல்லை, இன்னொருத்தனுக்கு மச்சினிச்சி கல்யாணம், மற்றவர்களுக்கு 'நாளைக்கு வர்றனுங்க சார்'. வாத்தியார் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து தேய்ந்தார். கமலாம்பாளுக்கு அப்போதெல்லாம் அவர் மேல்தான் கோபம் கோபமாக வரும். "செத்தா எந்த வழியாப் போனா நமக்கென்னங்க, தூக்கறவனுக்குத்தான நோவு" என்பாள். போன வாரம்கூடச் சொன்னாள். நேற்றுச் சாயங்காலம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சாய்ந்தார். இப்போது எந்த வழி என்ற பேச்சைத் தவிர வேறு எதுவும் அவள் தலையில் ஏறவில்லை. சொந்தபந்தம் அழச் சொல்லித் தோளை உலுக்கியது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பந்தலின் அந்த மூலையில் பழைய மாணவர்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் தொந்தி விழுந்திருந்தது. நூல் கடை வைத்திருக்கிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"பானிபட் முதல் போர் ஆயிரத்து ஐநூத்தி இருபத்தாறுங்க. இன்னைக்கும் மறக்கலியே."

"ரெண்டாவது ஐநூத்தி அம்பத்தாறு" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"மூணாவது எழுநூத்தி அறுபத்தொண்ணு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவனுங்க. எல்லாம் சார் போட்ட பிச்சை."

ஏலத்தில் விலை கேட்கிற மாதிரி இருந்தது. கமலாம்பாளுக்கு விசிறியை அந்தப் பக்கம் வீசி எறியலாம் போல் வந்தது. தேதி சொல்லிக் கொடுத்தது வேறொரு வாத்தியார், கையில் பிரம்பு வைத்திருந்தவர். இந்த மனுஷர் வகுப்பில் தேதியே கேட்கமாட்டார். 'தேதி புஸ்தகத்துல இருக்குது, ஓடிப் போயிராது' என்பார். பையன்களை வரிசையாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். இந்தக் கிணறு யார் வெட்டினது, யார் தண்ணி எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது, ஏன் கூடாது? 'வீட்டுல போயிக் கேட்டுட்டு வா. ஒரு வீட்டுல கேட்டாப் பத்தாது, மூணு வீட்டுல கேளு. மூணும் வேற வேறயாச் சொன்னா, எவனுக்கு எதுல ஆதாயம்னு யோசிச்சுட்டு வந்து சொல்லு. அதுதான் சரித்திரம்.' இதுதான் அவருடைய பாடம். பையன்கள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டதில் பெரிய வீட்டுக்காரர்கள் எரிச்சலாகி, தலைமையாசிரியரிடம் முறையிட்டு, வாத்தியாரை ரெண்டு தரம் மாற்றல் பண்ணி அலைக்கழித்தார்கள். மற்ற வாத்தியார்கள் வீட்டில் டியூஷன் வைத்து ஓட்டு வீட்டை மச்சு வீடாக்கினார்கள். இவர் கேள்வி கேட்க வைத்தே காலத்தை ஓட்டினார். அந்தக் கேள்வி கேட்ட பையன்கள்தான் இதோ பெஞ்சில் உட்கார்ந்து பானிபட் போரை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இட்டேரிக்கும் அப்படித்தான் கூட்டிப் போனார். வெயிலில் நடந்து திரும்புகிற பசங்களுக்கு இதே வாசலில் நின்று மோர் ஊற்றினவள் கமலாம்பாள். அப்போது அரை டிராயர் போட்ட செங்கோட்டையன் சொம்பைத் தூக்கிக் குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னது அவளுக்கு நேற்றுப் போல இருந்தது. "எங்க அப்பாரு சொன்னாருங்க சார். காலரா வந்த வருசம் எல்லாச் சாதிப் பொணமும் இந்த இட்டேரி வழியாத்தான் போச்சாமா. வேற தடமே இல்லியாமா." வாத்தியார் அவன் முதுகில் தட்டி, 'பாத்தீங்களா, இவன் கேட்டுட்டு வந்திருக்கறான்' என்று மற்றவர்களிடம் காட்டினார். அன்று அவருக்கு இருந்த சந்தோஷம் சொந்தப் பிள்ளை பிறந்தபோதுகூட இருந்ததில்லை.

லிங்கசாமி உள்ளே வந்து குனிந்து கும்பிட்டான். அவனும் பழைய மாணவன்தான். வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு அதே பள்ளியில் அதே சரித்திரப் பாடத்துக்கு வந்தவன். கமலாம்பாளுக்குச் சட்டென்று ஒரு நம்பிக்கை வந்தது.

"லிங்கசாமி, இப்படி வா கண்ணு."

"சொல்லுங்கம்மா."

"அந்த எடம் இட்டேரிதானே?"

அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தான். "இப்ப எதுக்குங்கம்மா அது?"

"நீ நடந்தியா இல்லியா அதுல?"

"நடந்தனுங்க."

"அதை அங்க பெஞ்சுல உக்காந்திருக்கறாங்களே, அவிங்க முன்னால எந்திரிச்சு நின்னு சொல்லு. ஐயா தடத்துலதான் போகோணும், யாரையும் கேக்க வேண்டியதில்லன்னு ஒரு வார்த்த சொல்லு. நீ வாத்தியார். நீ சொன்னாக் கேப்பாங்க."

லிங்கசாமி தரையில் விழுந்திருந்த பூவிதழை எடுத்து மடித்தான், பிரித்தான், திரும்ப மடித்தான். "ரெக்கார்டுல அப்பிடி ஒரு தடமே இல்லீங்களாமா. நான் நடந்தது வேற, ரெக்கார்டு வேற. நாங் கெவர்மெண்டு சம்பளம் வாங்கறவன். ரெக்கார்டுல இல்லாததச் சபையில சொல்லப்படாதுங்கம்மா."

"அப்பறம் பசங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கறே?"

"பாடத்துல இருக்கறதுங்க" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போது வாசலில் ஒரு சலசலப்பு. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆள் உயரத்துக்கு ரோஜா மாலையை இருவர் தூக்கிவர, செங்கோட்டையன் வந்தான். செருப்பைத் தெருவிலேயே விட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் குமாரவேல், கமலாம்பாளின் ஒரே பிள்ளை, கொள்ளி போட வேண்டியவன், இடுப்பில் ஈர வேட்டியோடு ஒடுங்கி நின்றான். அவன் செங்கோட்டையன் கம்பெனியில்தான் கணக்குப் பிள்ளை. அப்பன் சுவரை எதிர்த்து மனு எழுதிய அதே இரண்டு வருஷமும், பிள்ளை சுவருக்கு உள்ளே உட்கார்ந்து சம்பளம் வாங்கினான். இரவில் இருவரும் ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

செங்கோட்டையன் மாலையைப் போட்டுவிட்டுக் காலடியில் விழுந்து கும்பிட்டான். எழுந்தபோது கண்ணில் நீர் வழிந்தது. அது பொய் அழுகை இல்லை. அவள் அதை நன்றாகப் பார்த்தாள். பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா, நீங்க ஒண்ணும் யோசன பண்ணாதீங்க. சாரு ரோட்டுல சுத்திப் போக வேண்டியதில்லீங்க. கேட்டத் தொறந்து வெக்கச் சொல்லிட்டேன். சாரு நம்ம எடத்து வழியாப் போகட்டும். அது எனக்குப் புண்ணியம்."

பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. "மனசுன்னா இதுதானுங்க" என்றான் நூல் கடைக்காரன். "அவரு மனு போட்டதக்கூட மனசுல வெச்சுக்காம" என்று இன்னொரு குரல். குமாரவேலின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத தெளிச்சி வந்தது.

கமலாம்பாள் விசிறியைக் கீழே வைத்தாள்.

"செங்கோட்டையா, காலரா வருசத்துல பொணமெல்லாம் எந்த வழியாப் போச்சு சாமி?"

அவன் முகம் ஒரு கணம் அரை டிராயர் பையனின் முகமாகி, உடனே பழையபடி முதலாளி முகமானது. "அதெல்லாம் பழைய கதைங்கம்மா. இப்ப எதுக்குங்க?"

"நீதான் சொன்னே. இந்த வாசல்லதான் நின்னு சொன்னே."

"பசங்களா இருந்தப்ப எத்தனையோ சொல்லியிருப்பமுங்க."

"அத இப்ப ஒருக்காச் சொல்லீரு. அது தடம்னு இவிங்க முன்னால சொல்லு. அப்பறம் நீ கேட்டத் தொறக்கறதோ சாத்தறதோ உன்ற இஷ்டம். ஐயா அந்த வழியாவே போகட்டும்."

பெஞ்சில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். தப்பட்டைக்காரர்கள்கூடத் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். செங்கோட்டையன் வருத்தத்தோடு தலையசைத்தான். "துக்கத்துல பேசறீங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கலீங்கம்மா. கேட்டு தொறந்தே இருக்கும்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே போனான்.

குமாரவேல் அவள் பக்கத்தில் குந்தினான்.

"ஏம்மா இப்பிடிப் பண்றீங்க? மனுசன் தேடி வந்து சொல்றாருங்க."

"அவன் தொறந்து உட்டு நாம போனா, அது அவன் எடம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்டா. உங்கப்பா ரெண்டு வருசமா இதத்தாஞ் சொன்னாரு. கேட்டு வாங்கிப் போனாத் தயவு, கேக்காமப் போனாத்தான் தடம்னாரு. அவரையே தயவுல தூக்கிட்டுப் போவியா?"

"போச்சாது உடுங்கம்மா. செத்ததுக்கப்பறம் எந்த வழியாப் போனா என்னன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

அவளுக்குச் சுரீர் என்றது. ஆமாம், அவள்தான் சொன்னாள். அதனாலேயே குரல் இன்னும் ஏறியது.

"ரோட்டு வழியாப் போ. ஊரச் சுத்து. வெய்யல்ல எல்லாத்துக்கும் காலு வேகட்டும். ஆனா அவங் கேட்டு வழியாப் போகப்படாது. போகமாட்டேன்னு எனக்கு நீ சொல்லு."

குமாரவேல் அப்பன் முகத்தைப் பார்த்தான். "செரிங்கம்மா. ரோட்டு வழியாவே போறமுங்க" என்றான். அவள் அதன் பிறகுதான் அழுதாள். சொந்தக்காரப் பெண்கள் அப்பாடா என்று அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள்.

குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டு, பாடையைத் தூக்கும்போது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. தப்பட்டை முழங்கியது. பெண்கள் தெரு முக்கு வரைக்கும் பின்னால் போனார்கள். அதற்கு மேல் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. தெரு முக்கில் வலது கைப் பக்கம் திரும்பினால் தார் ரோடு. நேரே பார்த்தால் கேட். கேட்டின் இரண்டு கதவுகளும் அகலத் திறந்திருந்தன. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலப்பொடிகூடத் தூவி வைத்திருந்தார்கள். காவல்காரன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான்.

பாடை முக்கில் நின்றது. தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். நெருப்புச் சட்டியோடு முன்னால் நின்ற குமாரவேல் திரும்பி அம்மாவைப் பார்த்தான். பிறகு வலது பக்கம் திரும்பினான். அவன் திரும்பியதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"போதும் அக்கா, வாங்க. திரும்பிப் பாக்கப்படாது" என்று பக்கத்து வீட்டு மயிலாள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். வழக்கம் அப்படி. பெண்கள் திரும்பிவிட்டால் பிறகு பின்னால் பார்க்கக் கூடாது. கமலாம்பாள் வீட்டைப் பார்த்து நடந்தாள். தப்பட்டைச் சத்தம் முதுகுக்குப் பின்னால் வலது கைப் பக்கமாகக் கேட்டது. அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு நடந்தாள். வெயில் தலையைப் பிளந்தது. பாவம், ரோடு கொதிக்கும். அவர் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டேதான் நடப்பார்கள். திட்டட்டும்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. யாரோ பேசுகிற மாதிரி தூரத்தில் ஒரு இரைச்சல். பிறகு மறுபடியும் தப்பட்டை. இப்போது அது வலது பக்கம் இல்லை. நேராகக் கேட்டது. தகரத்தில் மோதி இரண்டு இரண்டாகத் திரும்பி வந்தது.

அவள் நின்றாள். அடுத்த நொடி கம்பெனி மெஷின்களின் கடகடப்பு ஒன்றொன்றாக அடங்கி நின்றுபோயிற்று. கம்பெனியைக் கட்டிய நாளிலிருந்து பகல் வேளையில் இந்தத் தெருவில் இப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை. வேலைக்காரர்களை எல்லாம் வெளியே வந்து நிற்கச் சொல்லியிருப்பான் செங்கோட்டையன்.

"மெசினவே நிறுத்திட்டாங்க அக்கா" என்றாள் மயிலாள். "நம்ம வாத்தியாருக்கு எத்தன மரியாத பாருங்க. யாருக்குங்க கெடைக்கும்?"

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். கமலாம்பாளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரத்தோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். உள்ளே விளக்கேற்றி வைத்திருந்தது. வா வா என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

ஆண்கள் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். ரோட்டைச் சுற்றியிருந்தால் இந்நேரம் திரும்பியிருக்க மாட்டார்கள். குமாரவேல் தலை மழித்து, மாற்று வேட்டியும் நனைந்து, வாசலில் வைத்திருந்த குண்டானில் கால் கழுவினான். தலையைத் தூக்கவே இல்லை. அவனுக்குப் பின்னால் வந்த லிங்கசாமிதான் பேசினான். அவனுக்கு மனசு நிறைந்திருந்தது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. முக்குத் திரும்பினதும் மொதலாளியே ரோட்டுக்கு ஓடி வந்துட்டாருங்க. பாடைக்கு முன்னால கையெடுத்துக் கும்பிட்டுட்டு நின்னுட்டாருங்க. மீறிப் போக ஒருத்தருக்கும் மனசு வல்லீங்க. உள்ள போனா, கம்பெனி ஆளுங்க பூரா ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கறாங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க எனக்கு."

அவள் மகனைப் பார்த்தாள். அவன் கழுவின காலையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஸ்கூல்ல ஐயாவுக்கு இரங்கல் கூட்டம் வெச்சிருக்குதுங்க" என்றான் லிங்கசாமி. "நாந்தான் பேசறேன். இதத்தான் பசங்களுக்குச் சொல்லப் போறனுங்க. படிச்சுக் குடுத்த வாத்தியாருக்குத் தன்ற எடத்தையே தொறந்து உட்டாரு ஒரு மாணவருன்னு. பசங்க தெரிஞ்சுக்கோணுமுங்களே."

"தன்ற எடம்னு சொல்லாதே" என்றாள். "இட்டேரின்னு சொல்லு. இட்டேரி வழியாத் தூக்கிட்டுப் போனோம்னு சொல்லு."

லிங்கசாமி அதை யோசித்தான். உண்மையாகவே அவளுக்கு உதவி செய்ய நினைத்துத்தான் யோசித்தான்.

"சொல்லலாமுங்க. ஆனா இப்பத்துப் பசங்களுக்கு அந்த வார்த்த புரியாதுங்கம்மா. கேட்டு வழியான்னு சொன்னாத்தான் தெரியும்."

கம்பெனியில் மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. லிங்கசாமி கும்பிட்டு விடைபெற்றுப் போனான். தெருவும் காலியாயிற்று. குமாரவேல் கால் கழுவி முடித்துப் படியேறி வந்தான். உள்ளே போய் விளக்கைக் கும்பிட வேண்டும்.

"கொஞ்சம் நகருங்கம்மா. உள்ள போகோணும்."

அவள் நிலைப்படியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் இன்னொரு தரம் மெதுவாகக் கேட்டான். பிறகு கேட்கவில்லை. வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றான்.